குறட்டை கேட்போர் கவனத்திற்கு

களவு செய்தவன் தன் களவை அறிவான். பொய் சொன்னவன் தன் பொய்யை அறிவான். செய்தவனைத் தவிர மற்றெல்லோரும் அறிந்த குற்றம் ஒன்று உண்டென்றால் அது குறட்டைதான். "நானா? குறட்டையா? ஒரு நாளும் இல்லையே!" என்று அவர் சொல்லும்போது பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. குற்றவாளி உறங்கிக்கொண்டிருக்க, சாட்சிகள் மட்டும் விழித்திருக்கும் விந்தையான வழக்கு இது.

தில்லியில் விடுதி வாழ்வு வாழும் நமக்கு இவ்வழக்கு புதிதன்று. குளிர்காலம் வந்ததும் சன்னல்களை இறுக அடைத்து ரஜாய்க்குள் புகுந்துகொள்கிறோம். பதினொரு மணிக்குக் கச்சேரி தொடங்குகிறது. ரம்பம் கொண்டு மரம் அறுப்பது போல் ஒரு வகை. மேட்டில் ஏறும் லாரியைப் போல் ஒரு வகை. சோறு கொதிக்கும் பானையின் மூடி துள்ளுவது போல் மெல்லிய வகை ஒன்று. உறங்கும் கும்பகருணனை எழுப்பச் சென்றவர்களை அவன் மூச்சுக் காற்றே தள்ளியது என்று இராமாயணம் கூறுகிறது. அதை மிகை என்று எண்ணுவோர், ஒரு வாரம் எங்கள் விடுதியின் மேல் மாடியில் தங்கிப் பார்க்கலாம்.

என் அறைத் தோழர் மதுரைக்காரர், மிக நல்லவர், விழித்திருக்கும் வரையில் ஈக்கும் தீங்கு எண்ணாதவர். அவர் உறங்கிய பின் எனக்குக் கிடைத்த ஓய்வு நேரத்தில்தான் குறட்டையைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். நான் பயில்வது இயற்பியல். குறட்டையும் என் பாடத்திற்குள்ளேயே அடங்குகிறது என்று கண்டபோது எனக்குச் சிறிது ஆறுதல் உண்டாயிற்று.

மூக்கிலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் காற்றுப் பாதையில், தொண்டைப் பகுதிக்கு மட்டும் எலும்போ குருத்தெலும்போ சுற்றிலும் அரணாக இல்லை. மேலே மென்னண்ணம், அதன் நுனியில் உள்நாக்கு, முன்னே நாக்கின் அடி, பக்கங்களில் தசைச் சுவர். விழித்திருக்கும்போது தசைகள் விறைப்பாக நின்று பாதையைத் திறந்து வைக்கின்றன. உறங்கினால் அவை தளர்கின்றன, பாதை குறுகுகிறது. குறுகிய இடத்தில் காற்றின் வேகம் கூடும்; வேகம் கூடினால் அங்கே அழுத்தம் குறையும். 1738-இல் பெர்னூலி தம் நூலில் விளக்கிய தத்துவம் இதுவே. அழுத்தம் குறைந்ததும் மெல்லிய சுவர் உள்நோக்கி இழுபடுகிறது, பிறகு விலகுகிறது, மீண்டும் இழுபடுகிறது. காற்றில் கொடி படபடப்பது போன்ற இந்தத் துடிப்பே நம் செவிக்குக் குறட்டையாக வந்து சேர்கிறது.

குறுகுவதன் விலையையும் எண்ணிப் பாருங்கள். சீராகக் காற்றோடும் ஒரு குழாயின் ஆரம் பாதியானால், எதிர்ப்பு இரு மடங்காவதில்லை, 16 மடங்காகிறது. ஆகவே சிறு தடையும் பெரும் தடையே. சளியால் மூக்கடைப்பு, வளைந்த மூக்குத் தண்டு, கழுத்தில் சேர்ந்த கொழுப்பு, சிறிய கீழ்த்தாடை, குழந்தைகளுக்கு வீங்கிய டான்சில் இவற்றில் எதுவும் காரணமாகலாம். மதுவும் தூக்க மாத்திரையும் தசைகளை மேலும் தளர்த்துகின்றன. மல்லாந்து படுத்தாலோ நாக்கே பின்னால் சரிந்து வழியை மறிக்கிறது. "ஒருக்களித்துப் படு" என்று நம் பாட்டிமார் சொன்னது பொருளற்ற சொல் அன்று.

இந்த அறிவைக் கொண்டு என் தோழருக்கு வைத்தியம் தொடங்கினேன். பழைய பனியனின் முதுகுப் புறத்தில் ஒரு பையைத் தைத்து, அதில் டென்னிஸ் பந்தை வைத்தோம். மல்லாந்தால் பந்து உறுத்தும். தானே புரண்டு படுப்பார். சளிக்கும் மருந்து உண்டார். இரவு விருந்துகளில் மதுக் கிண்ணத்தைத் தொடுவதை விட்டார். இரண்டு வாரங்களில் ரம்பம் பானை மூடியாகக் குறைந்தது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிட்ஜெரிடூ என்னும் நீண்ட ஊதுகருவியைப் பயின்றவர்களுக்குத் தொண்டைத் தசை வலுப்பெற்றுத் தொல்லை குறைந்தது என்று 2006-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர் வெளியிட்ட செய்தியையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். "அப்படியானால் நாகசுரம் வாங்கி வருகிறேன்" என்றார். அந்த யோசனையை மட்டும் நான் ஊக்குவிக்கவில்லை.

இதுவரை சொன்னது நகைப்புக்குரியது. இனிச் சொல்லப் போவது அப்படிப்பட்டதன்று.

குறட்டை விடுவோர் எல்லோரும் நோயாளிகள் அல்லர். ஆனால் சிலருக்குப் பாதை குறுகுவதோடு நில்லாமல் முற்றிலும் அடைபட்டுவிடுகிறது. அப்போது குறட்டையும் நின்றுவிடுகிறது. மார்பும் வயிறும் மூச்சிழுக்கப் போராடுகின்றன. காற்று உள்ளே போவதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை திடுக்கிட்டு அரைகுறையாக விழிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, பெருஞ்சத்தத்துடன் மூச்சு மீள்கிறது. உறங்குபவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. பத்து விநாடிகளுக்குக் குறையாமல் மூச்சு நிற்பதை மருத்துவர்கள் உறக்க மூச்சுத் தடை என்கிறார்கள். இத்தகைய தடைகளும், மூச்சு மிகக் குறைந்துபோகும் வேளைகளும் சேர்ந்து மணிக்கு 5 முறைக்குக் கீழ் என்றால் கவலையில்லை. 30 என்றால் கடுமை. இரவெல்லாம் நூற்றுக்கணக்கான முறை எழுப்பப்பட்டவர், காலையில் "நன்றாகத் தூங்கினேன்" என்று சொல்லிவிட்டுப் பகலில் உட்கார்ந்த இடத்திலேயே சாய்கிறார். நாளடைவில் இரத்த அழுத்தம் உயர்கிறது. இதயத்திற்கும் மூளைக்கும் ஊறு நேரும் வாய்ப்பு மிகுகிறது.

இதைப் படித்துவிட்டுச் சென்ற கோடையில் ஊருக்குப் போனேன். நாமக்கல் பக்கம் எங்கள் ஊர். என் தந்தையார் லாரி ஓட்டுநர். வடக்கே மும்பை வரையில் சரக்கேற்றிச் சென்று வருவார். அவர் வீட்டில் உறங்கும் இரவுகள் எங்களுக்குத் திருநாள். "அப்பா நல்லா அசந்து தூங்கறாரு கண்ணு, சத்தம் போடாதே" என்று அம்மா சொல்வது என் குழந்தைப் பருவத்து வழக்கம். அந்தக் குறட்டையே அவர் நலமாக வீடு திரும்பியதற்கு அடையாளம்.

இம்முறை நான் குறட்டையைக் கேட்கவில்லை. நடுவே வரும் அமைதியைக் கேட்டேன். சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்து எண்ணினேன். பதினைந்து. இருபது. ஒரு முறை முப்பத்தொன்று. பிறகு அம்மாவையும் எழுப்பி எண்ணச் சொன்னேன். எண்ணி முடிக்கும் முன்பே அவர் கைவிரல்கள் நடுங்கின.

காலையில் அப்பா சிரித்தார். "நாள் பூரா வண்டி ஓட்டறவன் குறட்டை விடாம பாட்டா சாமி பாடுவான்?" என்றார். பிறகு சற்று நேரம் சும்மா இருந்தார். "டாக்டர் சீக்குன்னு எழுதிட்டா, முதலாளி சாவிய வாங்கிக்குவாரு. உன்ற படிப்பு?" என்று கேட்டார். அவர் அஞ்சியது நோய்க்கல்ல. என்னிடம் அதற்கு விடை இல்லை. அம்மாதான் பேசினார்: "ராத்திரி முப்பது எண்ற வரைக்கும் மூச்சில்லீங்க. ஸ்டியரிங்கைப் புடிச்சுட்டு ஒரு நிமிசம் கண்ணு சொக்குனா, எந்தச் சாவி இருந்து என்ன பண்றதுங்க?"

பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டார். ஓர் இரவு உடம்பில் கம்பிகளை ஒட்டி உறங்கவைத்துப் பார்த்தார்கள். மணிக்கு 30-க்கும் மேல். நோய் பெரிதாயினும் வைத்தியம் எளிதே. 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் வெளியிட்ட முறை அது. மூக்கின் மேல் முகமூடி வைத்து, சிறு விசையுடன் இடைவிடாது காற்றைச் செலுத்தினால், அக்காற்றே தொண்டைச் சுவரை உள்ளிருந்து தாங்கி நிற்கிறது. பள்ளியில் படித்த காற்றழுத்தம் என் தந்தையாரின் தொண்டையில் வேலை செய்வதைக் கண்டேன்! கருவியைத் தவணையில் வாங்கினோம். வண்டியின் மின்கலத்தில் அதை இயக்கும் இணைப்பையும் வாங்கியிருக்கிறோம். மருத்துவர் சரி என்று சொல்லும் வரையில் இரவு ஓட்டம் இல்லை, வருவாய் குறைவுதான். சாவி இன்னும் அவரிடமே இருக்கிறது. எடையைக் குறைக்க நடக்கவும் தொடங்கியிருக்கிறார்.

முதல் சில நாள் அம்மாவுக்கு உறக்கம் வரவில்லையாம். "வீடே வெறிச்சுன்னு இருக்குது கண்ணு" என்று தொலைபேசியில் சொன்னார்.

நண்பர்களே, நாம் குறட்டை விடுவோரை எள்ளி நகையாடுகிறோம். அறை மாற்றிக் கேட்டு வார்டனுக்கு மனு எழுதுகிறோம். அவர் தம் நோயைத் தாமே அறிய முடியாதவர். அவருக்காக அறியக் கூடியவர் அருகில் விழித்திருப்பவரே. அடுத்த முறை நள்ளிரவில் தலையணையை எறியக் கை ஓங்கும்போது, சிறிது பொறுத்துக் கேளுங்கள். குறட்டை சீராக ஓடினால் தலையணையை எறிவதில் எனக்கு ஆட்சேபமில்லை. நின்று போனால், எண்ணத் தொடங்குங்கள். காலையில் அந்த எண்ணை அவரிடம் சொல்லுங்கள்.