ஓடும் வீடு

வீட்டுக்குச் சக்கரம் வைத்தால் என்ன நேரும் என்பதை 2023-ஆம் வருஷம் கலிபோர்னியாவில் பார்த்தேன். மாப்பிள்ளை புதிதாக ஓர் 'ஆர்.வி.' வாங்கியிருந்தார். அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, குளியலறை எல்லாம் உண்டு. பொத்தானை அமுக்கினால் பக்கச் சுவரே வெளியே நகர்ந்து கூடம் அகலமாகிவிடும்! நாங்கள் அங்கே தங்க அனுமதி அக்டோபர் 11 வரை. அதற்குள் கிராண்ட் கான்யனைப் பார்த்துவிட வேண்டுமென்பது என் மனைவியின் ஆசை. முழங்கால் வலிக்காரி, படுக்கையும் கூடவே வருகிற வண்டி அவளுக்கென்றே செய்ததுபோல் இருந்தது.

மே மாதம் ரெட்வுட் காடுகளின் பக்கம் வெள்ளோட்டம். இரவு மழை. அவள் தலையணையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"நம்ம ஊர் ஓட்டு வீடுகூடக் கட்டின வருஷமே ஒழுகாதே!" என்றாள்.

ஒரு வருஷ வாரண்டி இருக்கும்போது என்ன கவலை என்கிறீர்களா? கேளுங்கள். அது ஒரு காகிதமல்ல, ஒரு கட்டு. எஞ்சினுக்கு ஒரு கம்பெனி, குளிர்பதனப் பெட்டிக்கு இன்னொன்று. கூரையும் சுவரும்தான் வண்டி கட்டியவர் பொறுப்பு. இவ்வண்டிகளில் பெரும்பகுதி இண்டியானா மாகாணத்து எல்கார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. அங்கிருந்து 2,000 மைலுக்கு மேல். விற்றவர் படம் எடுத்து அனுப்பவேண்டும். கட்டியவர் 'சரி' சொன்ன பிறகுதான் திருப்புளியைத் தொடுவார்கள். அப்புறம் சாமான் வரவேண்டும். வாங்கப் போனபோது நாலு பேர் கை குலுக்கினார்கள். ரிப்பேருக்குப் போனபோது எங்களுக்கு முன்னால் 30 வண்டிகள் நின்றன. வரிசையில் நின்ற கிழவர் ஒருவர், பணம் கொடுக்குமுன் கடை முற்றத்திலேயே ஓர் இரவு படுத்துப் பார்க்கவேண்டும், கூரைமேல் தண்ணீர் அடித்துப் பார்க்கவேண்டும் என்றார். அவருக்கு இது மூன்றாவது வண்டியாம்.

சட்டம் இல்லாமலில்லை. 1975-ஆம் வருஷத்து மாக்னஸன்-மாஸ் சட்டம், வாரண்டியைப் புரியும்படி எழுதச் சொல்கிறது. கொடுத்தே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. கலிபோர்னியாவில் 1970-இல் பிறந்த சட்டம் இன்னும் கண்டிப்பானது. ஆனால் புது மோட்டார் வண்டிக்கு அது தரும் விசேஷப் பாதுகாப்பு, ஓடுகிற பாகத்துக்குத்தான். குடியிருக்கிற பாகம் சேராது. எஞ்சின் ஒழுகினால் ஒரு நியாயம், கூரை ஒழுகினால் வேறு நியாயம்!

ஜூன் போயிற்று, ஜூலை போயிற்று. வண்டி திரும்பி வந்தது அக்டோபர் 9-ஆம் தேதி. பெட்டிகளெல்லாம் கட்டியாகிவிட்டன. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு வாசலில் நின்ற வண்டிக்குள் மெல்ல ஏறி, அந்த அடுப்பிலேயே எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள். மாப்பிள்ளைதான் தலை நிமிராமல் குடித்தார். மழை பெய்யவில்லை, ஆகையால் கூரை சரியாகிவிட்டதா என்று தெரியவில்லை.