ஜவ்வும் ஊசியும்

தஞ்சாவூர்ப் பக்கம் அம்பது தாண்டின எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் முட்டியைத் தடவிக்கிட்டே "ஜவ்வு தேஞ்சு போச்சு தம்பி"ம்பாங்க. டாக்டர்கள் குருத்தெலும்புன்னு எழுதறதைத்தான் அப்படிச் சொல்றாங்க. (லிகமெண்ட் கிழிஞ்சாலும் ஜவ்வுதான். நம்மூர்ல முட்டிக்குள்ள இருக்கற எல்லாமே ஜவ்வு :-))

இந்தக் குருத்தெலும்பு ஒரு விசித்திரமான சமாச்சாரம். எலும்பு முனைகள்ல வழவழன்னு சில மில்லிமீட்டர் கனத்துக்குத்தான் இருக்கும். அதுக்குள்ள ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. ரத்தம் இல்லாததால தேஞ்சா லேசுல வளராது. நரம்பு இல்லாததால தேயறப்போ அதுவா கத்தாது. நமக்குத் தெரியற வலியெல்லாம் சுத்தியிருக்கற சவ்வு வீங்கறதாலயும், அடியில இருக்கற எலும்பாலயும் வர்றது. ஆக, வலி குறைஞ்சுடுச்சுன்னா தேய்மானமும் நின்னுடுச்சுன்னு அர்த்தமில்லை. இந்த ஒண்ணைப் பெரியம்மாவுக்குப் புரிய வைக்க நான் பட்ட பாடு இருக்கே!

பெரியம்மாவுக்குத் திருவையாறு பக்கம். சொந்தமா ரெண்டு மா நிலம், மத்த நாள்ல கூலிக்கு நடவு, களையெடுப்பு. நடவுன்னா குனிஞ்சு நாத்தை ஊணுறது மட்டும்னு நினைக்காதீங்க. முழங்கால் வரைக்கும் புதையற சேத்துல இருந்து காலை உருவி உருவிப் பின்னாலயே வைக்கணும். நாள் முழுக்க. முட்டி என்ன ஆகும்? டவுன்ல ஒரு டாக்டர்கிட்ட போனாங்க. அவர் முட்டிக்குள்ள ஸ்டீராய்டு ஊசி போட்டு, ரெண்டு நாள் ஓய்வா இருங்கன்னு சொல்லி அனுப்பினார். இவங்க மறுநாளே வயல்ல. "மூணு வாரத்துக்கு வலியே இல்லடா, குமரி மாதிரி நட்டேன்"னு பெருமை வேற. அப்புறம் அதுவே வழக்கமாயிடுச்சு. குறுவைக்கு ஒண்ணு, சம்பாவுக்கு ஒண்ணு, களைக்கு ஒண்ணு. உரம் போடற கணக்குதான்.

ஸ்டீராய்டு ஒண்ணும் ஏமாத்து மருந்து இல்லீங்க. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்பவர் முடக்குவாத நோயாளிகளுக்குக் கார்டிசோன் கொடுத்தார். படுத்த படுக்கையாய் இருந்தவங்க எழுந்து நடந்தாங்க. 1950-ல் நோபல் பரிசு. அடுத்த வருஷமே ஹாலண்டர் என்ற டாக்டர், மூட்டுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட்ட அனுபவத்தை எழுதினார். வீக்கத்தை அடக்கறதுல இதை அடிச்சுக்க ஆளில்லை.

சிக்கல் திரும்பத் திரும்பப் போடறதுலதான். 2017-ல் ஜாமா இதழில் பாஸ்டன் டஃப்ட்ஸ் மருத்துவ மையத்து ஆய்வு ஒண்ணு வந்தது. முட்டித் தேய்மானம் உள்ள 140 பேர். பாதிப் பேருக்கு 12 வாரத்துக்கு ஒருதரம் 40 மில்லிகிராம் ட்ரையாம்சினலோன், மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. ரெண்டு வருஷம் கழிச்சு ஸ்கேன் எடுத்துப் பார்த்தா, ஸ்டீராய்டு போட்டவங்களுக்குக் குருத்தெலும்பு 0.21 மில்லிமீட்டர் குறைஞ்சிருந்தது. உப்புத்தண்ணிக்காரங்களுக்கு 0.10. சரி, வலியாவது குறைஞ்சுதான்னா, ரெண்டு கூட்டத்துக்கும் சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்லை!

இதுக்கப்புறம் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரல்ல பேசலை. அதனால ஒரு ஊசி போட்டதுமே ஜவ்வு போச்சுன்னு யாரும் அலற வேண்டாம். வீங்கிப் போய் நடக்கவே முடியாத நேரத்துல ஒண்ணு போட்டுக்கறது வேற, தவணை கட்டற மாதிரி மூணு மாசத்துக்கு ஒருதரம் போட்டுக்கறது வேற. அதுலயும் பெரியம்மா கேஸ்ல எனக்குப் பெரிய பயம், வலி தெரியாத அந்த மூணு வாரத்தையும் அவங்க சேத்துலயே செலவழிக்கறதுதான். போதாததுக்கு சர்க்கரை வேற. ஊசி போட்ட சில நாள் சர்க்கரை எகிறும்.

வேற வழி என்னன்னா, கேக்க சப்புன்னு இருக்கும். உடற்பயிற்சி. 2020-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு. அமெரிக்க ராணுவ மருத்துவமனைகள்ல 156 பேரைப் பிரிச்சு, ஒரு கூட்டத்துக்கு ஊசி, இன்னொண்ணுக்குப் பிசியோதெரபி. ஒரு வருஷம் கழிச்சு வலியிலயும் நடமாட்டத்துலயும் பிசியோதெரபிதான் ஜெயிச்சது. தொடைச் சதை பலமானா முட்டி மேல விழற பாரம் குறையுது, அவ்வளவுதான்.

2021-ல் ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி சொல்லிக் கொடுக்கறதும் உண்டு. அப்படி வந்த ஒரு பொண்ணு பெரியம்மாவைத் திண்ணையில உக்கார வச்சு, காலை நீட்டித் தூக்கிப் பத்து எண்ணச் சொல்லிட்டுப் போச்சு. "ஊசி போட்டாத்தான் வைத்தியம். காலை ஆட்டுறதெல்லாம் ஒரு வைத்தியமா?"ன்னு நொடிச்சுக்கிட்டாங்க. ஆனாலும் காலையில காப்பிக்கு முன்னாடி எண்ணறாங்க. நானே போன்ல கேட்டேன், ஏழுக்கப்புறம் நேரா பத்துக்குத் தாவுது.

போன சம்பாவுக்கு முன்னாடி பெரிய பேச்சுவார்த்தை நடந்தது. ஊசியே வேண்டாம்னு நான். "கூலி நீ தருவியாடா?"ன்னு அவங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. கடைசியில அவங்களே ஒரு வழி சொன்னாங்க: "நடவுக்கு முன்னாடி வேணாம். நடவு முடிஞ்சு, தாங்க முடியலேன்னா ஒண்ணு போட்டுக்கிட்டு வீட்லயே கிடக்கறேன், போதுமா?" அந்த சம்பாவுல பாதி நாள்தான் நடவுக்குப் போனாங்க. ஊசிக்குப் போகலை.