அந்தப் பையன் கொடுக்காத வாக்கு

பிள்ளையிடம் ஒரு திறமை தெரிந்தால் பெற்றவர்கள் அதை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்? இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர், நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிராத ஒரு கால்பந்து ஆட்டக்காரர். பெயர் ஃப்ரெடி அடு. எதிர்பார்ப்பை நிறைவேற்றாதவர்களின் பட்டியலைப் பத்திரிகைகள் போடும்போதெல்லாம் முதல் இடம் அவருக்குத்தான். எனக்கு அவர் ஆசிரியர்.

அடு 1989-ல் கானாவின் துறைமுக நகரமான தெமாவில் பிறந்தார். கிரீன் கார்டு குலுக்கலில் குடும்பத்துக்கு இடம் கிடைக்கவே, எட்டு வயதில் அமெரிக்காவின் மேரிலாந்துக்கு வந்து சேர்ந்தார். அம்மா இரண்டு வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். 2003-ல் ஃபின்லாந்தில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில், பதினான்கு வயது நிரம்பிய கையோடு, தென் கொரியாவுக்கு எதிராக மூன்று கோல் போட்டார். நைக்கி நிறுவனம் பத்து லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. 2004 ஜனவரியில் அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் டி.சி. யுனைடெட் அணி அவரை முதல் ஆளாக எடுத்தது. ஆண்டுக்கு ஐந்து லட்சம் டாலர் சம்பளம். அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கரில் அன்று அதுதான் மிக அதிகம். ஏப்ரல் 3-ஆம் தேதி வாஷிங்டனின் ஆர்.எஃப்.கே. மைதானத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். இரண்டே வாரத்தில் முதல் கோல்.

நாங்களும் அப்போது மேரிலாந்தில்தான் இருந்தோம். ஊரைவிட்டு வந்து, பேச்சு வழக்கும் குளிரும் பழகாமல் திணறிய காலம். கடல் கடந்து வந்த ஒரு அம்மாவின் பிள்ளை, நாங்கள் வாழும் வட்டாரத்திலேயே வளர்ந்து, பீலேயோடு சேர்ந்து விளம்பரத்தில் நிற்கிறான். அவனைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. நான்கு வயது மகனை மடியில் வைத்துக்கொண்டு, ‘இவனுக்கும் இப்படி ஒரு நாள்’ என்று நினைத்தேன். அந்த ஆசை பல வருஷம் எனக்குள் இருந்தது.

எல்லோரும் சேர்ந்து ஒரு பையனை ஏன் அவ்வளவு உயரத்தில் ஏற்றினோம் என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். 1996-ல் தொடங்கிய மேஜர் லீக் சாக்கர் 2002 தொடக்கத்தில் இரண்டு அணிகளை இழுத்து மூடியிருந்தது. பத்து அணிகளே மிச்சம். மைதானத்தை நிறைக்க அதற்கு ஒரு முகம் தேவைப்பட்டது. விளம்பரக்காரர்களுக்கு ஒரு கதை தேவைப்பட்டது. எங்களைப் போன்ற குடியேறிகளுக்கு ஒரு நம்பிக்கை தேவைப்பட்டது. அந்தப் பையனுக்கு என்ன தேவை என்பது இந்தக் கணக்கு எதிலும் வரவில்லை.

அதே 2004-ல்தான் லயனல் மெஸ்ஸியும் பார்சிலோனாவின் முதன்மை அணிக்காக லீக் ஆட்டத்தில் முதன்முறை இறங்கினார். அக்டோபர் மாதம், வயது பதினேழு. பதின்மூன்று வயதில் அர்ஜென்டினாவிலிருந்து வந்து, இடைப்பட்ட ஆண்டுகளைக் கிளப்பின் இளையோர் அணிகளில் கழித்தவர் அவர். ஒரு அணியில் ஆடித் தேறியதும் அடுத்ததற்கு ஏற்றினார்கள். ஸ்பெயினுக்கு வெளியே அவர் பெயர் அநேகமாக யாருக்கும் தெரியாது. சுமாராக ஆடிய நாளும் யாருக்கும் தெரியாது. நாற்றங்காலில் நிற்க வேண்டிய நாளை நாற்று நின்றுதான் ஆக வேண்டும். அடுவுக்கு நாம் கொடுக்காமல் விட்டவை அந்த ஆண்டுகள்தாம்.

2005 இறுதியில், தன்னை அதிக நேரம் ஆடவிடுவதில்லை என்று அடு வெளிப்படையாகக் குறைப்பட்டார். அணி அவரை ஒரு ஆட்டத்துக்கு விலக்கி வைத்தது. அப்போது அவருக்குப் பதினாறு. பெஞ்சில் உட்காரவைத்தால் எந்தப் பதினாறு வயதுப் பையனுக்கும் கோபம் வரும். வீட்டில் கதவை அறைந்து, அம்மாவிடம் புலம்பி, காலையில் மறந்துபோக வேண்டிய கோபம் அது. அவருடைய கோபம் நாடு முழுக்கச் செய்தியாயிற்று.

திறமை பொய்யாக இருக்கவில்லை. 2007-ல் கனடாவில் நடந்த 20 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் அமெரிக்க அணிக்குத் தலைமை ஏற்றுப் போலந்துக்கு எதிராக மூன்று கோல் போட்டார். அந்த அணி பிரேசிலையும் வென்றது. அதே கோடையில் இருபது லட்சம் டாலருக்கு லிஸ்பனின் பென்ஃபிகாவுக்குப் போனார். போன சில வாரங்களில் பயிற்சியாளர் மாறினார். பிறகு மொனாக்கோ, பெலெனென்செஸ், கிரீஸின் ஆரிஸ், துருக்கியின் ரிசேஸ்போர் என்று இரவல் வாழ்க்கை. ஊர் மாறியது, மொழி மாறியது, புதிய பயிற்சியாளரிடம் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

அவர் துருக்கியின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த 2011-ல் என் மகனுக்குப் பதினொரு வயது. வார இறுதி ஆட்டங்களில் பந்தை வாங்கினால் மூன்று பேரைத் தாண்டிப் போவான். தமிழ்ச் சங்கப் பொங்கலில் நண்பர்கள், “அண்ணே, அடுத்த ஃப்ரெடி அடு உங்க வீட்லதான்” என்பார்கள். அந்த வசந்த காலத்தில் ஒரு கிளப்பின் பயிற்சியாளர் என்னை ஓரமாக அழைத்தார். பதினான்கு வயதுப் பையன்களின் டிராவல் டீமில், அதாவது வெளியூர் போய் ஆடும் அணியில், இவனைச் சேர்க்கலாம் என்றார். காரை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது என் கைகள் நடுங்கின.

மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள். “அங்க போனா அவன் ஆடுவானா, ஓரமா உக்காந்து பாத்துட்டு இருப்பானா? அத மட்டும் கேட்டுட்டு வாங்க.” கேட்டேன். முதல் வருஷம் பெரும்பாலும் பெஞ்ச்தான், பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வான் என்று அவர் நேர்மையாகச் சொன்னார். அடு நினைவுக்கு வந்தார். மகன் தன் வயதுப் பிள்ளைகளோடே ஆடட்டும், வாரம் ஒரு நாள் மட்டும் பெரியவர்களோடு பயிற்சி எடுக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

அவனுக்குத் தாங்கவில்லை. “ஏம்ப்பா, நான் நல்லா ஆடலியா?” என்று கேட்டுவிட்டு ஷூவைத் தூக்கி எறிந்தான். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. சனிக்கிழமை வந்ததும் பந்தைத் தேடி எடுத்தான். அந்தக் கோபம் எங்கள் சமையலறையைத் தாண்டவே இல்லை.

அடுத்த இரண்டு மூன்று வருஷங்களில் நடந்ததுதான் எனக்குப் பெரிய பாடம். அவன் எளிதாகத் தாண்டிப்போன பையன்கள் அவனைவிட உயரமானார்கள், வேகமானார்கள். பிள்ளைகள் ஒரே வயதில் முதிர்வதில்லை. சீக்கிரம் வளர்ந்த உடம்பு கொடுக்கும் முந்துதலைச் சிறு வயதில் திறமையிலிருந்து பிரித்தறிவது கடினம்; மற்றவர்களும் வளர்ந்த பிறகே எது எதுவென்று தெரியும். என் மகன் திணறினான். பந்து காலுக்கு வருமுன்பே திரும்பிப் பார்க்கவும், ஒரே தொடுதலில் அனுப்பவும் மெல்லப் பழகினான். அதற்குத் தேவை மைதானத்தில் நேரம். அது அவனுக்கு இருந்தது. யாரும் அதை வீழ்ச்சி என்று சொல்லவில்லை. அவனை யாரும் உயரத்தில் ஏற்றியிருக்கவில்லையே. பள்ளி அணிக்கு ஆடினான். இன்று வேலைக்குப் போகிறான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பந்தாடுகிறான்.

வெறும் திறமையை நம்பி, உழைக்க வேண்டிய நேரத்தில் உழைக்காமல் விட்டதாக அடுவே பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பொறுப்பை அவர் தானாக ஏற்றுக்கொண்டது பெரிய மனசு. பிரேசில், செர்பியா, ஃபின்லாந்து, ஸ்வீடன் என்று கூப்பிட்ட இடமெல்லாம் போய் ஆடினார். அமெரிக்காவுக்காக 17 ஆட்டங்கள், 2 கோல். மேரிலாந்துக்குத் திரும்பிச் சிறுவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். ஒரு சராசரி ஆட்டக்காரர் இதை நிறைவான வாழ்வு என்பார். பீலே ஆவேன் என்ற வாக்கை அடு யாருக்கும் கொடுக்கவில்லை. அவர் பெயரில் நாம் கொடுத்துக்கொண்டோம். வட்டியோடு அவரிடம் வசூலிக்கவும் பார்த்தோம்.

2024 ஜூலையில், அடுவைவிடப் பதிமூன்று நாள் இளைய வயதில், கேவன் சல்லிவன் என்ற சிறுவன் பிலடெல்பியா யூனியனுக்காக ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் இறங்கினான். ‘அடுத்தவன் வந்துவிட்டான்’ என்று மறுபடியும் எழுதினார்கள். அவன் நன்றாக வர வேண்டும் என்று மனதார வேண்டுகிறேன்.

உங்கள் பிள்ளையைப் பற்றி யாராவது அப்படிச் சொன்னால் ஆசைப்படுங்கள்; அதில் தவறில்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த சில வருஷம் இவனைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ளப்போகும் பயிற்சியாளர் யார்? வாரத்துக்கு எத்தனை நிமிடம் இவன் காலில் பந்து இருக்கும்? தெளிவான பதில் கிடைக்காவிட்டால், எவ்வளவு பெரிய அழைப்பாக இருந்தாலும் காத்திருக்கச் சொல்லுங்கள். திறமை உள்ள பிள்ளைக்குக் காத்திருப்பதால் எதுவும் குறைந்துவிடாது.