பெரிய பாட்டியின் டம்ளர்

எங்கள் வீட்டுச் சமையலறையில் எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். ஒன்று மட்டும் பின்கட்டு ஜன்னலில் தனியே இருக்கும். அது பெரிய பாட்டியுடையது. என் பாட்டியின் அக்காள் அவர். இளமையில் தொழுநோய் கண்டு, செங்கற்பட்டை அடுத்த திருமணியில் சிகிச்சை பெற்று முற்றும் குணமடைந்தவர். ஆயினும் மடங்கிய விரல்கள் நிமிரவில்லை. தனி டம்ளரும் மாறவில்லை.

சென்ற ஆண்டு என் தோழியர் மூவர் குரோம்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெரிய பாட்டி முறுக்குத் தட்டை நிலைப்படியருகே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். "யாருடி அது?" என்று ஒருத்தி கேட்டாள். "வேலை செய்யற ஆயா" என்று சொல்லிவிட்டேன். அது பாட்டியின் காதில் விழுந்தது. ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

சில வாரங்களுக்குப் பின் நீதிபோதனை வகுப்பில் சிஸ்டர் எங்களுக்கு டாக்டர் பால் பிராண்டைப் பற்றிச் சொன்னார்கள். ஆங்கிலேய மிஷனரிகளின் மகனாக 1914-ல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர் அவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். நம் ரயில் பாதையிலேயே உள்ள செங்கற்பட்டில் தொழுநோயாளரின் கைகளைக் கண்டு மனம் வருந்தி, மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். விரல்கள் தாமாக உதிர்வதில்லை. நோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சியைப் போக்குவதால், தெரியாமல் படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்று எடுத்துக் காட்டினார்.

சென்னை இளைஞர் ஒருவர் அவரிடம் சிகிச்சைக்குச் சென்றபோது பேருந்தில் ஏற்ற மறுத்தார்களாம். டாக்டரின் மனைவி மார்கரெட் அவரைத் தம் வீட்டுத் தாழ்வாரத்திலேயே தங்க வைத்தார். கைகள் சீரான பின் அவர் விடுமுறையில் தாய் வீடு சென்றார். முதல் நாள் இரவு எலி விரலைக் கடித்தது, அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் இரவு விழித்திருக்க முயன்று, கண்ணயர்ந்து, சுடும் விளக்கில் கையை வைத்துவிட்டார். அதன்பின் வீடு திரும்பும் நோயாளிகளோடு ஒரு பூனையையும் காவலுக்கு அனுப்பினார்களாம்!

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடல் கடந்து வந்தவர்கள் அந்நியரைத் தம் வீட்டில் ஏற்றார்கள். நானோ என் வீட்டாரையே அந்நியராக்கினேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொன்னேன். அது எளிது. பாட்டியிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அன்று மாலை பின்கட்டுக்குப் போய், "அன்னிக்கு நான் பொய் சொன்னேன், பாட்டி" என்று அழுதேன். "போடி பைத்தியம், காபி ஆறுது" என்றார். அவர் கையைப் பிடித்தேன். உள்ளங்கையில் புதிய தீக்கொப்புளம். அவர் அதை அறியவே இல்லை.

அந்தத் தனி டம்ளரிலேயே காபி குடித்தேன். அம்மா பார்த்துக்கொண்டே நின்றார்கள். மறுநாள் அது கழுவப்பட்டு மற்றவற்றோடு வரிசையில் இருந்தது.

தோழியரே! இன்று கூட்டு மருந்து 6 அல்லது 12 மாதங்களில் இந்நோயைக் குணமாக்குகிறது. நம் மனத்தின் அருவருப்புக்குத்தான் மருந்து கடையில் இல்லை.

இப்போது அடுப்பிலிருந்து எதை இறக்குவதானாலும் பெரிய பாட்டி என்னைக் கூப்பிடுகிறார். சூடு பார்த்துக் கொடுப்பது என் வேலை. எங்கள் வீட்டில் பூனை இல்லை, நான் இருக்கிறேன்.