ராஜாவின் மடிநாய்

இங்கிலாந்தை 1660 முதல் 1685 வரை ஆண்ட இரண்டாம் சார்லஸ் மன்னருக்குச் சின்னஞ்சிறு ஸ்பானியல் நாய்களிடம் இருந்த மோகம் பிரசித்தமானது. அவர் பெயரே அந்த நாய்களுக்கும் வழங்கலாயிற்று. பிறகு நாகரிகம் மாறியது. சப்பை மூக்குத்தான் அழகென்று சீமாட்டிகள் தீர்மானித்தார்கள். நாயின் மூக்கும் அவ்வண்ணமே தேய்ந்து போயிற்று. பழைய சித்திரங்களில் கண்ட நீள்மூக்கு நாயைத் தேடிய எல்ட்ரிட்ஜ் என்னும் அமெரிக்கர், அத்தகைய நாய்க்கு 1926-ல் லண்டன் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் 25 பவுண்டு பரிசு வைத்தார். அதன் பயனாக மீண்டு வந்ததே கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல். 1945-ல் அது தனி இனமென்று அங்கீகாரம் பெற்றது.

வெள்ளையர் ராஜ்யம் 1947-ல் போயிற்று. அவர்கள் ராஜாவின் நாய் இப்போதுதான் நமது திருவெண்ணெய்நல்லூருக்கு வந்திருக்கிறது. நண்பர் ஒருவர் வீட்டில் கண்டோம். பட்டுப் போன்ற தொங்கு காது. ஈரம் ததும்பும் பெரிய கண்கள். வெண்மையில் செம்பழுப்புத் திட்டுகள். வளர்ந்தாலும் 8 கிலோவுக்குள்தான் இருக்குமாம். கூடவே ஒரு பத்திரமும் வந்திருந்தது. அதில் பாட்டன், முப்பாட்டன் பெயர்களெல்லாம் வரிசையாக இருந்தன. நம்மில் எத்தனை பேரால் அவ்வளவு தூரம் சொல்ல முடியும்!

ஆனால் பத்திரத்தில் காணாத பிதிரார்ஜிதமும் உண்டு. சில நாய்களிலிருந்தே வம்சம் பெருக்கப்பட்டதால், இதய வால்வு தளரும் வியாதி இவ்வினத்தில் இளவயதிலேயே தலைகாட்டுகிறது. மூளைக்குப் போதாத சிறு மண்டையோட்டினால் கழுத்தில் வேதனை உண்டாகிறது. அவ்வேதனையால் நாய் காற்றைச் சொறிந்துகொண்டே நடக்கும். நாமோ விளையாட்டென்று சிரிப்போம்! இவ்வினத்தைப் பெருக்கும் முறை பிராணி நலச் சட்டத்துக்கு விரோதமென்று 2022-ல் நார்வேயின் ஆஸ்லோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

ஆகவே, வளர்க்க விரும்புவோர் முதலில் தாய் தந்தை நாய்களின் இதயப் பரிசோதனையை விசாரிக்க வேண்டும். கழுத்துப் பட்டை கூடாது. மார்புப் பட்டையே நலம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வெளியே நடத்தலாகாது. ரோமத்தைச் சீவிக் காதுகளை ஈரமின்றி வைக்க வேண்டும். வெங்காயச் சாம்பார் சாதம் நமக்கு அமிர்தம். நாயின் ரத்தத்துக்கோ விஷம்.

பாட்டன் எழுதிய அடிமை ஓலையைக் காட்டி இறைவர் சுந்தரரை ஆட்கொண்ட ஊர் இது. ஆட்கொண்டதோடு அவர் நின்றுவிடவில்லை. தோழராகிப் பரவையார் வீட்டுக்குத் தூதும் நடந்தார். ஓலையைக் கையில் வைத்திருப்பவருக்கே பாரம் அதிகம்.