உம்மாவின் பூனை

பூனைக்கும் நீரிழிவு வரும் என்று நான் சொன்னபோது எங்கள் தெருவில் பலர் சிரித்தார்கள். சிரித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 2021ஆம் ஆண்டுக்கு முன்னர் எவரேனும் என்னிடம் வந்து அப்படிச் சொல்லியிருந்தால் நானும் சிரித்துத்தான் இருப்பேன். அதிலும் அந்தப் பூனையின் பெயர் சீனி என்றால் கேட்கவா வேண்டும்!

பெயர் சூட்டியவர் என் உம்மா. பதினாறு ஆண்டுகள் நீரிழிவோடு வாழ்ந்தவர். தேநீரில் அரைக் கரண்டிச் சீனிக்காகப் பெற்ற பிள்ளைகளிடம் வாதாடியவர். 2012ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், காயல்பட்டினத்து எங்கள் வீட்டுக் கொல்லையில் நனைந்து கிடந்த குட்டி ஒன்றை எடுத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, "திங்கத்தான் விடமாட்டீங்க, கூப்பிடவாவது விடுங்க" என்றாராம். இதை லாத்தா தொலைபேசியில் சொன்னபோது நான் ஹாங்காங்கில் இருந்தேன். உம்மா 2018இல் வஃபாத்தானபோதும் அங்கேதான் இருந்தேன். மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தேன். அடுத்த ஆண்டு வணிகத்தை முடித்துக்கொண்டு ஊரோடு வந்தபோது, வீட்டுடனும் பழைய அலமாரியுடனும் சீனியும் என் பொறுப்புக்கு வந்தது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உம்மாவுக்கு ஒரு நாளேனும் நான் என் கையால் இன்சுலின் போட்டதில்லை. விடுமுறைக்கு வரும் நாள்களிலுங்கூட, லாத்தா ஊசியைக் கையில் எடுத்தால் நான் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவேன். பார்க்க மனம் தாங்காது என்பது நான் சொன்ன காரணம். அது பொய்யன்று, ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு பதினாறு ஆண்டுகளை ஓட்டிவிட்டேன்.

சீனிக்கு ஒன்பது வயதானபோது நோய் தெரிந்தது. ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடையுடன் சோம்பிக் கிடந்த உயிர் மளமளவென்று இளைத்தது. தண்ணீர்ச் சட்டியை விட்டு அகலாமல் குடித்தது. கொல்லையில் அது சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்ததை முதலில் கண்டவர் என் மனைவி. மாமியாரிடம் பயின்ற கண். பின்னர் நடையும் மாறிற்று. பூனை விரல் நுனியில் நடக்கும் பிராணி. சீனியோ பின்கால்களின் குதிப்பகுதி முழுவதையும் தரையில் பதித்து, தேய்ந்து நடக்கத் தொடங்கிற்று. குருதியில் மிகுந்த சர்க்கரை கால் நரம்புகளைத் தாக்கியதன் அடையாளம் அது என்று தூத்துக்குடியில் பார்த்த கால்நடை மருத்துவர் விளக்கினார். சர்க்கரை அளவு 412. எனினும் அந்த ஓர் எண்ணை மட்டும் அவர் நம்பவில்லை. அச்சத்தாலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறிவிடுமாம். ஆகவே கடந்த இரண்டு மூன்று வாரங்களின் நிலையைக் காட்டும் மற்றொரு பரிசோதனையும் செய்து உறுதிப்படுத்திக்கொண்டார்.

பூனைக்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் நம்மவர்க்கு நடுவயதில் வருவதை ஒத்தது. உடற்பருமன், ஓடியாடாத வாழ்வு, கணையத்தின் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களிடையே ஒருவகைப் புரதம் படிந்து இறுகுதல் ஆகியவை இருவர்க்கும் பொது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பூனை முற்றிலும் ஊனுண்ணி. சோற்றையும் பிஸ்கட்டையும் ஏராளமாகச் செரித்துச் சமாளிக்க அதன் உடல் அமைந்ததில்லை. இனிப்பின் சுவையே அதன் நாவுக்குத் தெரியாது. உம்மா பாசத்தோடு ஊட்டி வளர்த்த பால்சோற்றில் சீனி ருசித்தது பாலின் கொழுப்பைத்தான் போலும்.

இன்சுலின் தொடங்க வேண்டும் என்றார் மருத்துவர். காலையும் மாலையும், பன்னிரண்டு மணி நேர இடைவெளியில். சுபுஹு தொழுகை முடிந்து ஒன்று, மஃரிபு முடிந்து ஒன்று என்று வைத்துக்கொண்டோம். போடப்போவது யார் என்று அவர் கேட்டபோது என் மனைவி என்னைப் பார்த்தார். எழுந்து போகத் திண்ணை எதுவும் அங்கே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் உம்மாவின் அலமாரியைத் திறந்தேன். இழுப்பறையில் சிவப்பு மூடி போட்ட ஊசிக்குழல்கள் பிரிக்கப்படாமல் கிடந்தன. வீணாக்குவானேன் என்று ஒன்றைக் கையில் எடுத்துவிட்டேன். நல்லவேளையாக மருத்துவரிடம் பேசினேன். அவர் பதறிப்போனார். உம்மா போட்டுக்கொண்டது ஒரு மில்லியில் 40 அலகு கொண்ட இன்சுலின். சிவப்பு மூடிக் குழல் அதற்குரியது. சீனிக்கு எழுதித் தந்த கிளார்ஜின் ஒரு மில்லியில் 100 அலகு கொண்டது. அதற்கு ஆரஞ்சு மூடிக் குழல் வேண்டும். மாற்றிப் போட்டால், ஓர் அலகு என்று நினைத்து இரண்டரை அலகு செலுத்திவிடுவோம். பூனைக்கு அது கொலை. நம் நாட்டு மருந்துக் கடைகளில் இவ்விரண்டும் அடுத்தடுத்து விற்கின்றன. வீட்டில் இன்சுலின் போடுபவர் எவராயினும், அது மனிதர்க்காயினும் சரி, மூடியின் நிறத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

லாத்தாவுக்கு வேறொரு ஐயம். "இது பன்றியிலிருந்து எடுத்த மருந்தா, தம்பி?" என்றார். நியாயமான கேள்வி. 1920களில் தொடங்கி அறுபது ஆண்டுகள் வரை மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே இன்சுலின் எடுக்கப்பட்டு வந்தது. பூனையின் இன்சுலின் மாட்டினுடையதிலிருந்து ஒரேயோர் அமினோ அமிலத்தில்தான் வேறுபடுகிறது என்பது வியப்பான செய்தி. நாங்கள் வாங்கியதோ நுண்ணுயிரிகளைக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் உண்டாக்குவது. அதைக் கேட்டபின் லாத்தா புட்டியை வாங்கிக் குளிர்பெட்டியில் தம் கையாலேயே வைத்தார்.

முதல் வாரம் என் கை நடுங்கியதைச் சொல்லி என்ன பயன்? காது மடலின் ஓரத்தை வெந்நீர்த் துணியால் ஒற்றி, ஊசியால் தொட்டு, கடுகளவு குருதியை எடுத்து மனிதர்க்குரிய கருவியிலேயே அளந்தோம். அக்கருவி பூனைக்கு உண்மை அளவினும் சற்றுக் குறைத்தே காட்டும். அதைக் கணக்கிற்கொள்ளவும் பழகினோம். சோறும் பாலும் பிஸ்கட்டும் நின்றன. வேகவைத்த கோழியும் மீனும், தகரத்தில் அடைத்து வரும் பூனை உணவும் வந்தன. ஓர் அலகு அரை அலகாயிற்று. நான்காம் மாதத்தில் ஒரு விடியற்காலை அளவு 62 என்று காட்டியது. மருந்தை நிறுத்துங்கள் என்றார் மருத்துவர். நிறுத்தினோம். ஒரு வாரம், ஒரு மாதம், இரண்டு மாதம். அளவு நூறை ஒட்டியே நின்றது. 2022ஆம் ஆண்டு தை பிறந்தபோது சீனி மீண்டும் விரல் நுனியில் நடந்து, மதில்மேல் ஏறி அமர்ந்திருந்தது.

அவர் அந்த நிலைக்கு 'ரெமிஷன்' என்று பெயர் சொன்னார். மிகுந்த சர்க்கரையே கணையத்தைச் செயலிழக்கச் செய்யும். விரைவில் அதனைக் குறைத்துவிட்டால், இன்னும் சாகாத உயிரணுக்கள் இளைப்பாறி எழுந்து மீண்டும் சுரக்கத் தொடங்கும். ஆனால் அழிந்தவை அழிந்தவையே. படிந்த புரதமும் அங்கேயே இருக்கும். நோய் அடங்கியிருக்கிறது, போய்விடவில்லை. வாரம் ஒருமுறையாவது அளந்து பாருங்கள். இவ்வளவையும் அவர் தெளிவாகத்தான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து சொன்னது ஒரே சொல்: "குணமாகிவிட்டது."

அந்தச் சொல்லின்மேல் எனக்கு இருந்த ஆசையை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். பள்ளிவாசலில், கடைத்தெருவில், திருமண வீடுகளில் எல்லாம் சொன்னேன். சிரித்தவர்களிடம் தேடிப் போய்ச் சொன்னேன். வாரந்தோறும் அளந்தது மாதந்தோறும் என்றாயிற்று. பிறகு கருவி உம்மாவின் இழுப்பறைக்குள் போயிற்று. அளவுப் பட்டைகளின் காலம் அங்கேயே முடிந்தது.

2023 மார்ச்சுத் திங்கள். சீனியின் கழுத்தில் தெள்ளுப்பூச்சியால் சொறி. வழக்கமான மருத்துவர் வெளியூர் போயிருந்தார். அருகிலிருந்த வேறொருவரிடம் கொண்டு போனோம். அவர் முறைப்படி கேட்டார்: "வேறு நோய் ஏதாவது இருந்ததுண்டா?"

"ஒன்றுமில்லை" என்றேன்.

மறதியன்று. நினைவு இருந்தது, நாக்கு நுனி வரை வந்தது. குணமானதை ஏன் சொல்ல வேண்டும் என்று விழுங்கிவிட்டேன். அவர் தினவை அடக்கும் ஸ்டீராய்டு ஊசி ஒன்றைப் போட்டார். ஒருமுறை போட்டால் வாரக்கணக்கில் உடலில் தங்கி வேலை செய்வது. நல்ல பூனைக்கு நல்ல மருந்துதான். நீரிழிவு அடங்கிக் கிடக்கும் உடலிலோ, அது இன்சுலினைச் செல்லாக்காசாக்கி, ஈரல் சர்க்கரையைக் கொட்டும்படி செய்துவிடும். போட்ட பிறகு திரும்ப எடுக்கவும் இயலாது.

மார்ச்சு 24இல் நோன்பு தொடங்கிற்று. நோன்பு மாதத்தில் நம் வீடுகளின் ஒழுங்கு எப்படியிருக்கும் என்பது வாசகர்க்குத் தெரியும். இரவு பகலாகும், பகல் உறக்கமாகும். தண்ணீர்ச் சட்டி காலியாவதை ஒவ்வொருவரும் மற்றவர் நிரப்ப மறந்தார் என்றே எண்ணினோம். தட்டில் மீன் மிஞ்சியதைச் சொறியின் சோர்வு என்றோம். நோன்பின் இருபத்து மூன்றாம் நாள் சஹருக்கு எழுந்த என் மகள், "வாப்பா, சீனி வாயெல்லாம் என்னமோ வாடை" என்று அழைத்தாள். அரிசிப் பானைக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் வாந்தி. குனிந்தேன். அழுகத் தொடங்கிய பழத்தின் நெடி மூச்சில் வீசிற்று. நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாடை என்று மகள் சொன்னதுதான் சரி. இரண்டும் ஒரே பொருள், அசிட்டோன். அண்டை வீட்டாரின் கருவியைக் கேட்டு வாங்கி அளந்தோம். எண் வரவில்லை. 'ஹை' என்று காட்டியது. அளக்கக்கூடிய எல்லையைக் கடந்துவிட்டது என்று பொருள்.

திருநெல்வேலிக்குப் புறப்பட்டோம். ஆத்தூர் தாண்டும்போது சுபுஹு பாங்கு கேட்டது. மடியில் துண்டுக்குள் கிடந்த உடல் சூடாக இல்லை. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியைச் சிறுவயதில் ஓதிப்பள்ளியில் கேட்ட நாள்முதல் அறிவேன்; அதிலுள்ள கொடுமைக்காரி நமக்கு உறவில்லாதவள் என்றே இத்தனை காலம் கேட்டு வந்திருக்கிறேன்.

அங்கே மருத்துவர் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னேன்: 412, ஓர் அலகு, நிறுத்திய நாள், ஸ்டீராய்டு ஊசி, அதை ஏற்க நான் சொன்ன 'ஒன்றுமில்லை'. அவர் கடிந்துகொள்ளவில்லை, எழுதிக்கொண்டார். சிறுநீரில் கீட்டோன் மிகுந்திருந்தது. இன்சுலின் இல்லாத உடல் சர்க்கரைக் கடலில் இருந்துகொண்டே பட்டினி கிடக்கிறது; பசி தாளாமல் தன் கொழுப்பையே உருக்கி எரிக்கிறது; அந்தப் புகைதான் கீட்டோன் என்று வைத்துக்கொள்ளலாம். குருதி அமிலமாகிறது. வாந்தியால் நீரும் உப்புகளும் போகின்றன.

உடனே இன்சுலின் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முதலில் ஏற்றியது உப்பு நீர். சில மணி நேரத்துக்குப் பின்னரே இன்சுலின், அதுவும் சிறிது சிறிதாக, பொட்டாசியத்தை அளந்து அளந்து. இன்சுலின் சர்க்கரையை உயிரணுவுக்குள் தள்ளும்போது பொட்டாசியத்தையும் உடன் தள்ளிவிடும். குருதியில் அது வற்றினால் தசை தளரும், இதயம் தடுமாறும். அவசரமும் கொல்லும் என்றார். முன்காலில் மயிரை மழித்துக் குழாய் செருகியிருந்தது. இரண்டு இரவுகள் தலை தூக்கவில்லை. நோன்பு திறக்க அங்கிருந்த காவலாளி பேரீச்சம்பழம் வாங்கி வந்து தந்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் என் விரலில் தொட்ட கோழிச்சாற்றைச் சீனி நக்கிற்று. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்துக் கூண்டு நாய் குரைத்தது.

பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்க வீட்டுக்குக் கொண்டு வந்தோம். ஸ்டீராய்டின் வேகம் தணிய மேலும் சில வாரங்கள் ஆயின. மீண்டும் மருந்தில்லாத நாள்கள் வருமா என்று தூத்துக்குடி மருத்துவரிடம் கேட்டேன். வரலாம்; ஆனால் இரண்டாம் முறை முதல் முறையைப் போல் எளிதில் வாய்ப்பதில்லை என்றார். எங்களுக்கு வாய்க்கவில்லை. அன்று முதல் சுபுஹுக்குப் பின் ஒன்று, மஃரிபுக்குப் பின் ஒன்று. கொழும்பில் நடந்த நெருங்கிய உறவினர் திருமணத்துக்குப் போகாமல் நின்றேன். காரணத்தை உள்ளபடியே சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள்.

சென்ற மாதம் ஒரு மாலை லாத்தா வந்திருந்தார். சீனி தட்டில் முகம் புதைத்துத் தின்றுகொண்டிருந்தது. நான் ஆரஞ்சு மூடியைக் கழற்றி, குழலை வெளிச்சத்தில் பிடித்துக் கோட்டைப் பார்த்து, கழுத்துத் தோலைக் கூடாரம்போல் தூக்கி ஊசியைச் செலுத்தினேன். அது தின்பதை நிறுத்தவில்லை. லாத்தா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உம்மாவுக்குப் போடும்போது எனக்கு ஒரு நாளும் கை இப்படி நின்றதில்லை, தம்பி" என்றார்.

நான் மறுமொழி சொல்லவில்லை. மூடியை மாட்டி, ஊசியைப் பழைய புட்டிக்குள் போட்டு, குறிப்பேட்டில் நேரத்தையும் அலகையும் எழுதினேன்.