படம் மங்காமல் இருக்க எந்த மை?

அப்புத்தளை டவுனில் நான் ஒரு சிறிய போட்டோக் கடை நடத்தி வருகிறேன். கடை என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஒரு கணினி, ஒரு ஸ்கேனர், ஆறு நிற போட்டோ பிரிண்டர் ஒன்று, லெமினேட் மெஷின் ஒன்று, அவ்வளவுதான். பிறந்தநாள், சடங்கு, பாடசாலை விழா என்று படங்கள் வரும். ஆனால் என்னிடம் வரும் பெண்களில் பலர் கொண்டு வருவது பழைய படங்களைத்தான்.

1977ஆம், 1983ஆம் ஆண்டு வன்செயல்களுக்குப் பயந்து தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் நம் மலையகத்தில் ஏராளம். அங்கே யுத்தத்தில் கணவனையோ பிள்ளையையோ இழந்து, சொந்தக்காரர் இருக்கும் லயத்துக்கே திரும்பி வந்தவர்களும் உண்டு. வீடு, பாத்திரம், பத்திரம் எல்லாம் போன பிறகும், பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரே ஒரு படத்தைக் காப்பாற்றி வைத்திருப்பார்கள். "இதைப் பெருசாக்கித் தாங்க" என்று அதை என் கையில் கொடுக்கும்போது எனக்குப் பயமாகவே இருக்கும். அப்படிப்பட்ட படத்தை அச்சிட எந்த மை நல்லது என்று நான் பழகித் தெரிந்துகொண்டதைச் சகோதரிகளுக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். சுயதொழிலாக இதைத் தொடங்க நினைப்பவர்களுக்கும், படம் அச்சிடக் கொடுப்பவர்களுக்கும் உதவும்.

பிரிண்டர் வாங்குவது ஒருமுறைச் செலவு. மை வாங்குவது ஓயாத செலவு. முன்பெல்லாம் சிறிய கார்ட்ரிஜ்தான். சில மில்லிலீற்றர் மைக்கு நிறையப் பணம் கொடுக்க வேண்டும். அதனால் ஆசிய நாடுகள் எங்கும் சிரிஞ்சால் மை நிரப்புவதும், வெளியே போத்தல் வைத்துக் குழாய் மூலம் மை கொடுப்பதும் பரவின. 2010ஆம் ஆண்டு எப்சன் கம்பனியே தாங்கி வைத்த பிரிண்டரை முதலில் இந்தோனேசியாவில் விற்கத் தொடங்கியது. இப்போது எல் 805 போன்ற ஆறு நிற போட்டோ பிரிண்டர்களிலும் தாங்கி உண்டு. ஆனாலும் வேறு கம்பனிகள் செய்யும் வெளி மை இன்னும் மலிவு. 2022ஆம் ஆண்டு டொலர் நெருக்கடியில் வெளிநாட்டுச் சாமான் எல்லாம் விலையேறிய பின்பு என்னைப் போன்ற சிறு கடைக்காரர் வெளி மையைத் தேடுவது இயல்புதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்தப் படத்துக்கு எந்த மை என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும். அதுதான் முக்கியம்.

சில வருடங்களுக்கு முன் கொழுந்து எடுக்கும் ஓர் அக்கா, காணாமல் போன தன் கணவரின் படத்தைக் கொண்டு வந்தார். வேறொரு ஊரில் அச்சிட்ட பிரதி அது. மூலப் படத்தை ஒரு மனுவோடு கொடுத்தாராம், திரும்பி வரவில்லையாம். பிரதியில் நீலம் முழுவதும் போய், முகம் செம்மஞ்சளாகக் கரைந்து கிடந்தது. "தங்கச்சி, மனுசனும் இல்ல, இப்ப மொகமும் இல்லாம போகுது" என்றார். ஸ்கேன் செய்து, மிஞ்சியிருந்த நிறத்தை வைத்துக் கண்ணையும் மீசையையும் ஓரளவு மீட்டுக் கொடுத்தேன். முழுதாக மீட்க முடியவில்லை. அழிந்த நிறத்தைக் கணினியால் ஊகிக்கலாம், திருப்பிக் கொண்டுவர முடியாது.

இந்தச் செம்மஞ்சள் நோய் புதிதல்ல. 2000ஆம் ஆண்டு எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 பிரிண்டர்களில் அச்சிட்ட படங்கள் சில வீடுகளில் விரைவிலேயே செம்மஞ்சளாக மாறின. மையும் கடதாசியும் கம்பனி தந்தவைதான். காற்றில் உள்ள ஓசோன் நீலச் சாயத்தைத் தின்றதே காரணம். ஆகவே வெயில் மட்டுமல்ல, காற்றும் படத்துக்கு எதிரி. அமெரிக்காவின் வில்ஹெம் ஆய்வு நிலையம் பல வருடங்களாக மைகளைச் சோதித்து வருகிறது. கம்பனி மையைவிட வெளி மைகள் பல மிகச் சீக்கிரம் மங்குவதை அது கண்டிருக்கிறது. எல்லாம் அப்படியல்ல, ஆனால் போத்தலைப் பார்த்து எது நல்லது என்று சொல்ல முடியாது.

மை வாங்கும்போது நான் பார்ப்பவை இவை.

முதலாவது, டை மையா, பிக்மென்ட் மையா என்று கேட்பேன். டை மை தண்ணீரில் சீனி கரைவது போல முழுதாகக் கரைந்த சாயம். நிறம் பளிச்சென்று இருக்கும், ஆனால் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் சீக்கிரம் தளரும், நனைந்தால் ஊறும். பிக்மென்ட் மை தண்ணீரில் மஞ்சள் தூள் கலந்தது போல நுண்ணிய துகள். அது பொதுவாக நீண்ட காலம் நிற்கும். அதற்காக டை பிரிண்டரில் பிக்மென்ட்டை ஊற்றிவிடக் கூடாது. நிறம் மாறலாம், தலை அடைக்கலாம்.

இரண்டாவது, மை எந்தப் பிரிண்டருக்காகச் செய்யப்பட்டது என்று பார்ப்பேன். எப்சன் பிரிண்டரின் தலை மின்சாரத்தால் அசைந்து மையைத் தள்ளுகிறது. கெனன், எச்பி பிரிண்டர்களின் தலை மையைச் சூடாக்கித் தள்ளுகிறது. 'எல்லாப் பிரிண்டருக்கும் ஏற்றது' என்று எழுதிய போத்தலை நான் தொடுவதில்லை. எப்சனில் தலை பிரிண்டரோடு சேர்ந்தது. அது அடைத்துவிட்டால் மையில் மிச்சம் பிடித்த காசு போதாது.

மூன்றாவது, ஆறு நிறத்தையும் ஒரே கம்பனியில் வாங்குவேன். இரண்டு கம்பனி மையைக் கலந்தால் சில வேளை கூழாகித் திரண்டுவிடும். நிறமும் ஒத்துவராது. முகம் பச்சையாகவோ சிவப்பாகவோ தெரியும்.

நான்காவது, சோதித்துப் பார்ப்பேன். கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை எல்லா நிறத்தையும் சேர்த்து அச்சிட்டால் மையின் குணம் உடனே தெரிந்துவிடும். சாம்பல் நிறம் சாம்பலாகவே இருக்க வேண்டும். பிறகு ஒரே படத்தை மூன்று பிரதி எடுப்பேன். ஒன்று வெயில் படும் ஜன்னலில், ஒன்று கண்ணாடி இல்லாமல் காற்றுப் படும் சுவரில், ஒன்று புத்தகத்துக்குள். இரண்டு மாதம் கழித்து மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மை தன் கதையைச் சொல்லும். இன்னொரு பிரதியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பேன். 1,400 மீற்றருக்கு மேல் உயரத்தில், பகலிலேயே பனிமூட்டம் கடைக்குள் வரும் ஊரில் இந்தச் சோதனை கட்டாயம் வேண்டும்.

இப்போது என் கடையில் இரண்டு வழி வைத்திருக்கிறேன். பாடசாலை வேலை, அழைப்பிதழ் போன்றவற்றுக்குத் தனியாக ஒரு சாதாரணப் பிரிண்டரில் மலிவு மை. வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய படங்களுக்கு ஆறு நிறப் பிரிண்டரில் கம்பனி மையும் நல்ல கடதாசியும். விலை வித்தியாசத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கிய தாய்மாரை நினைத்துப் பாருங்கள். வெயிலிலும் மழையிலும் அவர்கள் கையில் பிடித்திருந்தது பிள்ளைகளின் படத்தைத்தான். அந்த முகம் வெளிறிப் போனால் அது வெறும் மைக் குறை என்று யாரும் சொல்ல முடியாது.

சகோதரிகளே, படம் அச்சிடக் கொடுக்கும்போது இவற்றை மறக்க வேண்டாம். மூலப் படத்தைக் கொடுத்துவிடாதீர்கள், பிரதியையே கொடுங்கள். மூலப் படத்தை லெமினேட் செய்யவும் வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. ஸ்கேன் செய்த கோப்பைக் கேட்டு வாங்கி, உங்கள் போனிலும் மகளின் போனிலும் வைத்திருங்கள். அச்சிட்ட படத்தை ஒரு நாள் காயவிட்டுக் கண்ணாடி போடுங்கள். கண்ணாடி படத்தில் ஒட்டாமல் இடையே மட்டை ஓரம் வையுங்கள். வெயில் படாத, சுவர் ஈரம் இழுக்காத இடத்தில் மாட்டுங்கள். கடைக்காரரிடம் "இது என்ன மை, எத்தனை வருடம் நிற்கும்?" என்று கூசாமல் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் என்றால், அந்த ஒரு படத்தை அங்கே கொடுக்க வேண்டாம்.